வீட்டுக்காரி உம்மு குல்சும்

திருகோணமலையில் வந்து இறங்கிய அன்றைக்கே உம்மு குல்சுமுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது: பிரான்சுக்காரி. அவள் பிரான்சைக் கண்ணால் கண்டவளும் இல்லை, காணப்போகிறவளும் இல்லை. பிறந்து வளர்ந்ததெல்லாம் காரைக்கால். அந்த ஊர் பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருந்ததால் அவளுடைய பயணக் காகிதத்தில் பிரெஞ்சு முத்திரை விழுந்திருந்தது, அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு, சட்டை போட்ட துரைசானி ஒருத்தி வந்து இறங்கியிருக்கிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தவர்கள், முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு தகரப் பெட்டியைத் தானே தூக்கி வந்த மெலிந்த பெண்ணைக் கண்டு ஏமாந்து போனார்கள். ஏமாந்தாலும் பெயரை மாத்திரம் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் என்றால் அப்படித்தானே.

நாற்பத்தொன்றாம் ஆண்டின் கடைசி அது. மாரி மழை பிடித்திருந்தது. அவளுடைய புருஷன் அபூதாஹிர் திருகோணமலைக்காரன். தோணித் தண்டல், அதாவது தோணியை நடத்தும் தலைவன். உலகச் சண்டைக்கு முன்பு காரைக்காலுக்கும் திருகோணமலைக்கும் இடையில் ஓடும் தோணியில் நெல்லும் கூரை ஓடும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவன். சண்டை வந்ததும் தோணிகளைக் கரையில் கட்டிப்போட்டார்கள். அவன் இந்தக் கரையில் அகப்பட்டுக்கொண்டான். துறைமுகத்தில் கடற்படைக் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் படகுகளுக்கு ஆள் தேவைப்பட்டது. ஒரு படகுக்குத் தண்டலாகச் சேர்ந்துவிட்டான். உம்மு குல்சும் இரண்டு வருஷம் பொறுத்தாள். பிறகு, அவரால் வர முடியாவிட்டால் நான் போகிறேன் என்று ரயிலும் கப்பலுமாகச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கிளம்பியதுதான் பெரிய குற்றம். காரைக்காலிலும் சரி, திருகோணமலையிலும் சரி, அவர்களுடைய ஆட்களிடம் ஒரு முறை உண்டு. வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்த நாளிலிருந்தே தகப்பன் அவளுக்கு ஒரு வீடு கட்டுகிற கவலையில் விழுந்துவிடுவான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் தன் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வரவேண்டும். அவன் சிங்கமாக இருந்தாலும் அந்த வீட்டில் விருந்தாளிதான். மனைவி முகம் சுளித்தால் செருப்பைத் தேடவேண்டியவன் அவன். இப்படிப்பட்ட ஊரில், பெண் ஒருத்தி தன் வீட்டைப் பூட்டிவிட்டுப் புருஷனைத் தேடிக் கடல் தாண்டிப் போகிறாள் என்றால் தாய் அழமாட்டாளா? அழுதாள். உம்மு குல்சும் அழவில்லை. அழுதால் போகவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

அபூதாஹிரின் மூத்த சகோதரி, சித்தி பரீதா என்று பெயர், மூதூரில் தன்னுடைய வீட்டில் இருந்தாள். தம்பியின் மனைவியை நாலு நாள் வைத்திருந்து நல்ல சாப்பாடு போட்டாள். நாலு நாளும் ஒரே கதை: வீடில்லாத பெண்ணை நம்பி ஒரு ஆண்பிள்ளை எப்படிக் குடும்பம் நடத்துவது? மூதூரிலேயே ஜெஸீமா என்ற சொந்தக்காரப் பெண் இருக்கிறாள், ஓடு போட்ட வீடு, கிணறு, இருபது தென்னை. மார்க்கத்தில் இடமுண்டு, தம்பி இரண்டாவதாக அங்கே முடித்தால் யாருக்கு என்ன நட்டம்? இதையெல்லாம் உம்மு குல்சுமின் முகத்துக்கு முன்னாலேயே சொன்னாள், மறைத்துப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை. பொல்லாதவள் என்று சொல்லமுடியாது. முறையை அப்படியே பிடித்துக்கொண்டவள், முறையும் அவள் பக்கம்தான் இருந்தது. அதுதான் உம்மு குல்சுமுக்கு எரிச்சல்.

ஐந்தாம் நாள் உம்மு குல்சும் மூதூரிலிருந்து வள்ளம் ஏறி, நகரத்துக்கு வந்து, வீடு தேடத் தொடங்கினாள். புருஷனை அனுப்பவில்லை, தானே தேடினாள். ஓர்ஸ் ஹில் என்ற குன்றின் அடியில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி, கீழே அப்பக்கடையும் மேலே இரண்டு பலகை அறைகளுமாக ஒரு வீடு அகப்பட்டது. சிவபாக்கியம் என்ற தமிழ்ப் பெண்ணின் சீதன வீடு. அப்பக்கடையும் அவளுடையதுதான். அவளுடைய புருஷன் யோகலிங்கத்துக்கும் அதே படகுகளில்தான் வேலை.

சிவபாக்கியம் அகப்பையைக் கீழே வைக்காமலே கேட்டாள், மேல்வீடு யாருடைய பெயருக்கு என்று. என் பெயருக்கு என்றாள் உம்மு குல்சும். அப்ப சரி என்று சாவியை எடுத்து நீட்டினாள் சிவபாக்கியம். வாடகை, முன்பணம் எல்லாம் பிறகு பேசிக்கொண்டார்கள். இரண்டு பெண்களும் இப்படி நாலு சொல்லில் காரியத்தை முடித்துக்கொண்டிருக்க, அபூதாஹிர் பெட்டியோடு தெருவில் மழையில் நின்றான். அவனாக உள்ளே வரக்கூடாது. உம்மு குல்சும் மேலே போய், இரண்டு அறையையும் கூட்டி, பாய் விரித்து, சாம்பிராணி போட்டு, பிறகுதான் சன்னலால் தலையை நீட்டி வாங்க மச்சான் என்றாள். தெருவில் போனவர்கள் சிரித்தார்கள். தொப்பலாக நனைந்த மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே படியேறினான். அவனுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

புது வீட்டில் பழகுவது இலேசாக இருக்கவில்லை. காரைக்காலில் அவள் சுண்ணாம்புத் தரையில் வளர்ந்தவள். வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவிவிடுவது பழக்கம். இங்கேயும் அப்படியே நாலு குடம் ஊற்றினாள். பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் முழுவதும் கீழே சிவபாக்கியத்தின் அப்ப மாப்பானையில் இறங்கிவிட்டது. சிவபாக்கியம் மேலே வந்து திட்டிய திட்டில் பாதி உம்மு குல்சுமுக்கு விளங்கவில்லை, விளங்கிய பாதியே போதுமானதாக இருந்தது. பிறகு ஈரத்துணியால் துடைக்கப் பழகினாள். கிணற்றடியிலிருந்து தண்ணீரை இருபத்திரண்டு படி ஏற்றப் பழகினாள். துறைமுகத்தைப் பார்க்கும் சன்னலைத் திறக்கக்கூடாது, கறுப்புக் காகிதம் ஒட்டவேண்டும் என்று உத்தரவு வந்தபோது, அவள் கேட்டுப் பார்த்து வாடகைக்கு எடுத்ததே அந்தச் சன்னலுக்காகத்தான் என்று காகிதம் ஒட்ட வந்தவனோடு அரை மணி நேரம் வாதாடினாள். தோற்றுப் போனாள். ஒட்டிய பிறகு ஒரு மூலையில் விரல்நுனி அளவு கிழித்துவிட்டாள். அதன் வழியாக அவளுடைய மச்சானின் படகு தெரியும். சமையலறையைக் காரைக்காலிலும் குசினி என்றுதான் சொல்வார்கள் என்று அவள் சொன்னபோது சிவபாக்கியம் நம்பவேயில்லை.

நாற்பத்திரண்டு சித்திரைக்குச் சில நாள் முன்பு, ஒரு காலையில் ஜப்பான்காரன் வந்தான். துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு விழுந்தது. எண்ணெய்த் தாங்கி பற்றி எரிந்த புகை நாள்கணக்காக ஊருக்கு மேலே நின்றது. பகல் முடிவதற்குள் நகரம் காலி. சாமானைத் தலையில் வைத்துக்கொண்டு, வண்டியிலும் வள்ளத்திலும் நடையிலும் சனம் ஓடியது. சிவபாக்கியம் கொட்டியாரக் குடாவைத் தாண்டிக் கட்டைபறிச்சானில் இருந்த தமக்கை வீட்டுக்குப் போனாள். போகும்போது அவளையும் கூப்பிட்டாள். உம்மு குல்சும் மாட்டேன் என்றாள். அப்படியென்றால் அடுப்பை அணையவிடாதே என்று சொல்லிக் கடைச் சாவியையும் கொடுத்துவிட்டு வள்ளம் ஏறினாள் சிவபாக்கியம்.

படகுக்காரரால் ஓட முடியாது. கப்பல் நிற்கும்வரை படகு ஓடவேண்டும். பெண்களெல்லாம் போய்விட்டதால் வேலை முடிந்து வரும் ஆண்களுக்குப் போக வீடில்லை, சுடச்சுட ஒரு கோப்பை தேநீர் கொடுக்க ஆளில்லை. உம்மு குல்சும் மறுநாள் காலையிலேயே கீழ்க்கடையைத் திறந்து ரொட்டி சுட்டாள். முதலில் ஆறு பேர் வந்தார்கள், ஒரு கிழமையில் முப்பது பேர். அரிசிக்குத் தட்டுப்பாடு, கோதுமை மாவுதான். காரைக்கால் ரொட்டி தடிப்பு என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டிரண்டாகத் தின்றார்கள்.

அந்த நாட்களில்தான் சித்தி பரீதா மூதூரிலிருந்து வந்து நின்றாள். தம்பியின் வீடு என்ற உரிமையில் விறுவிறுவென்று மேலே ஏறி, கேட்காமலே பெட்டியைத் திறந்து உடுப்புகளைக் கட்டத் தொடங்கினாள். குண்டு விழுகிற இடத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு என்ன வேலை, மூதூருக்கு வா, சண்டை முடிந்ததும் உன்னைக் காரைக்காலுக்கு அனுப்பிவைக்கிறோம் என்றாள். தம்பியின் விஷயத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம்.

உம்மு குல்சும் அந்த மூட்டையை அவிழ்த்து உடுப்புகளைத் திரும்பவும் பெட்டியில் மடித்து வைத்தாள்.

"மச்சி, ஒரு ஊட்டைப் பூட்டிட்டுத்தான் நான் இங்கே வந்தேன். இந்த ஊட்டையும் பூட்டினா உங்க தம்பி வந்து நிக்கிறதுக்கு இடம் இல்லை. ஜப்பான்காரன் வரட்டும், நான் போகமாட்டேன்."

"இது ஒரு ஊடா, புள்ள?" என்றாள் சித்தி பரீதா. "ஆற்றையோ மாடி."

யாருடையதோ மாடி என்ற அந்தச் சொல் உம்மு குல்சுமுக்கு நெஞ்சில் தைத்தது. கீழே இறங்கி ரொட்டி சுடப் போய்விட்டாள். அன்று சுட்ட ரொட்டியெல்லாம் கருகியது.

இரண்டு மாதம் கழிந்து துறைமுகத்தைச் சுற்றி யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பெயர் எழுத ஓர் உத்தரவு வந்தது. எழுத வந்தவர் கதிரவேல் என்ற கொழும்புக் கிளாக்கர். நல்ல மனிதர், அழகான கையெழுத்து, ஆனால் இந்தக் கரையின் முறைகள் எதுவும் தெரியாதவர். வீடு வீடாக அலைவானேன் என்று படகுத்துறையிலேயே மேசையைப் போட்டு உட்கார்ந்து ஆண்களை வரிசையில் நிற்க வைத்தார். அபூதாஹிரின் முறை வந்தது. பெயர் கேட்டார், சொன்னான். தொழில் கேட்டார், சொன்னான். உமது வீடு எது என்று கேட்டார். எனக்கு ஊடு இல்லை ஐயா என்றான் அபூதாஹிர். உண்மையைத்தானே சொன்னான்! மனைவியின் வீட்டை என் வீடு என்று சொல்கிற வெட்கங்கெட்டவனை அவனுடைய ஆட்களில் யாரும் மதிக்கமாட்டார்கள். பிறகு எங்கே படுக்கிறாய் என்று கேட்டார். பெண்சாதியின் வீட்டில். பெண்சாதி எந்த ஊர்? காரைக்கால். அப்படியானால் பிரெஞ்சுப் பிரசையா? ஓம். கதிரவேல் எல்லாவற்றையும் அழகாக எழுதிக்கொண்டார்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. வீடில்லாத தொழிலாளி அபூதாஹிருக்குப் படகுத்துறை முகாமில் ஒரு படுக்கை ஒதுக்கப்பட்டிருக்கிறது. துறைமுக எல்லைக்குள் தனியாக வீடு வைத்திருக்கும் அந்நிய நாட்டுப் பெண் உம்மு குல்சும் ஏழு நாளில் வெளியேறிச் சொந்த நாட்டுக்குத் திரும்பவேண்டும். அந்த இரண்டு அறையும் கடற்படை எழுத்தர்களுக்கு வேண்டுமாம்.

அபூதாஹிர் தலையில் அடித்துக்கொண்டான். உம்மு குல்சும் அவனைத் திட்டவில்லை. அவன் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? காரைக்காலில் இருந்த அவளுடைய தகப்பனைக் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். ஆனால் விட்டுக்கொடுக்கவும் அவளுக்கு மனமில்லை. இந்த வீடு போனால் அவள் காரைக்காலுக்கு, அவன் முகாமுக்கு, முகாமிலிருந்து என்றைக்காவது ஒருநாள் மூதூருக்கு. இருபது தென்னையும் கிணறும் அங்கே காத்துக்கொண்டிருக்கின்றன. அன்று மத்தியானமே முக்காட்டைப் போட்டுக்கொண்டு, கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, புருஷனை முன்னால் நடக்கவிட்டு, அதை அனுப்பிய துறைமுகக் கந்தோருக்குப் போனாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. அவருக்குத் தூக்கமில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. பக்கத்தில் கதிரவேல். அதிகாரி காகிதத்தைப் புரட்டிவிட்டு, இந்தப் பெண் எந்தப் பிரான்சைச் சேர்ந்தவள் என்று கேட்டார். பிரான்சே அந்த நேரம் இரண்டாகப் பிளந்து, ஒன்று ஜெர்மன்காரனோடும் ஒன்று இங்கிலீசுக்காரனோடும் நின்றது. உம்மு குல்சுமுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது? காரைக்கால் எந்தப் பிரான்சில் இருக்கிறதோ அந்தப் பிரான்ஸ் என்றாள். அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

கதிரவேலுக்கு மனம் இளகியிருக்கவேண்டும். இது சின்ன விஷயம் என்றார். வீடு என்னுடையது, இவள் என் மனைவி, என்னோடு இருக்கிறாள் என்று புருஷன் எழுதிக் கொடுத்தால் போதும், கடிதம் இரத்தாகிவிடும். ஒரு கையெழுத்து. அவரே தாளை எழுதி முடித்து, பேனாவை மையில் தோய்த்து அபூதாஹிரிடம் கொடுத்தார். அபூதாஹிர் வாங்கினான். தாளின் மேல் குனிந்தான்.

"மச்சான், பேனாவை வைங்க," என்றாள் உம்மு குல்சும்.

பிறகு கிளாக்கரைப் பார்த்துச் சொன்னாள். "ஐயா, இவங்க கையெழுத்துப் போட்டா அது இவங்க ஊடு. அதுக்கப்புறம் நான் அந்தப் படியிலே கால் வைக்கமாட்டேன். ஆம்பளை ஊட்டிலே ஒண்டிக் கிடக்கிறதுக்கு நான் கடல் தாண்டி வரலை. குண்டு விழுந்த அன்னைக்கு எல்லாரும் ஓடினாங்க, நான் ஓடலை. அது என் ஊடு. என் பேரை எழுதுங்க. எழுத முடியாதுன்னா நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க. பொய்க்கு மட்டும் நான் குடியிருக்கமாட்டேன்."

கதிரவேல் மொழிபெயர்த்தார். அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியானால் உத்தரவு உத்தரவுதான், பெண் ஊருக்கு, ஆண் முகாமுக்கு என்று காகிதத்தைத் தள்ளினார். கதிரவேல் அபூதாஹிரின் காதோரம் குனிந்து, பெண்பிள்ளையின் பேச்சைக் கேட்டு வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ளாதே, போட்டு முடி என்றார்.

அபூதாஹிர் சாதாரணமாகவே பேசாதவன். கடலில் காற்று மாறினால் சொல்வான், மற்றபடி வாயைத் திறக்கமாட்டான். அவன் பேனாவை மேசையில் வைத்தான்.

"எனக்கு ஊடு இல்ல, ஐயா. அண்டைக்கும் அதத்தான் சொன்னனான், இண்டைக்கும் அதத்தான் சொல்றன். இவட ஊட்டிலதான் இருக்கன். இவவ அனுப்பினா நானும் பின்னால போறன். முகாமில படுக்க ஏலாது. என்ன மட்டும் ஏன் பிடிக்கிறீங்க? லிஸ்ட எடுத்துப் பாருங்க. எங்கட படகுகளில ஒருத்தனுக்கும் ஊடு இல்ல."

கதிரவேல் பேரேட்டைப் புரட்டினார். இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். அவர் எழுதும்போதே யோசித்திருக்கிறார், இந்த ஊரில் இவ்வளவு ஏழைகளா என்று. யோகலிங்கம், மணமானவர், வீடில்லை. அன்ஸார், மணமானவர், நாலு பிள்ளைகள், வீடில்லை. ஸெய்னுதீன், பேரன் கண்டவர், வீடில்லை. முப்பத்தொரு பேர். தமிழரும் முஸ்லிம்களுமாக முப்பத்தொரு குடும்பக்காரர், ஒருவனுக்கும் வீடில்லை என்று அவருடைய அழகான கையெழுத்திலேயே எழுதியிருந்தது. அடுத்த வாரம் முப்பத்தொரு பேரையும் முகாமில் அடைத்து, வீடுகளை ஆளில்லாதவை என்று எடுப்பதாக ஏற்பாடு. கதிரவேலின் முகம் வெளுத்தது. அதிகாரிக்கு மெதுவாக எடுத்துச் சொன்னார்.

அதிகாரி பேரேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பெயர்களை விரலால் எண்ணினார். இந்த முப்பத்தொரு வீடும் அப்படியானால் யாருடையது என்று கடைசியில் கேட்டார். கதிரவேல் தமிழில் சொல்லத் தொடங்குமுன்பே, கேள்வியின் தோரணையைப் பார்த்தே உம்மு குல்சும் பதில் சொல்லிவிட்டாள்: பொம்பளைங்களுடையது. மனைவிமாரின் வீடுகளைப் பறித்தால் இவர்கள் மறுநாளே குடாவைத் தாண்டி மனைவிமாரிடம் போய்விடுவார்கள், முகாமில் ஒரு ஈ இருக்காது என்றும் சேர்த்துச் சொன்னாள். அது மிரட்டலா என்று அதிகாரி கேட்டார். இல்லை, முறை என்றாள்.

துறையில் நாலு கப்பல்கள் சாமானுக்காக நின்றன. அவற்றுக்குப் படகோட்ட வேறு ஆளில்லை என்பது அதிகாரிக்குத் தெரியாததல்ல. பேரேட்டை மூடி, கதிரவேலின் பக்கம் தள்ளி, வீடு வீடாகப் போ, பெண்கள் எங்கே இருந்தாலும் தேடிக் கேட்டு முதலிலிருந்து எழுது என்றார். அவர் சிரித்தாரா முறைத்தாரா என்று அபூதாஹிரால் பிறகு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. புதிய பக்கத்தில் முதல் பெயர் அங்கேயே விழுந்தது. வீட்டுக்காரி, உம்மு குல்சும். அதற்குக் கீழே, கணவர் அபூதாஹிர், அவளோடு வசிப்பவர். அவன் படகில் வேலை செய்யும்வரை அவள் இருக்கலாம். ஆனால் அந்நியப் பிரசை என்பதால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பொலிசுக்குப் போய் ஒப்பமிடவேண்டும். செவ்வாய்க்கிழமையும் வரச்சொன்னால் வருகிறேன் என்றாள் உம்மு குல்சும். அதைக் கதிரவேல் மொழிபெயர்க்கவில்லை.

சண்டை முடியும்வரை மூன்று வருஷத்துக்கு மேல், ஒரு திங்கள் தவறாமல் அவள் போய் ஒப்பமிட்டாள். பிள்ளை பெற்ற மாதத்திலும் போனாள், கைக்குழந்தையோடு. உன் விலாசம் மாறவில்லையா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். மாறாது என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று அவர்கள் கந்தோரிலிருந்து திரும்பி வந்தபோது சித்தி பரீதா கடைவாசலில் உட்கார்ந்திருந்தாள். கடிதம் வந்த செய்தி மூதூர்வரை போயிருந்தது. தம்பியைக் கூட்டிப் போகக் காலை வள்ளத்திலேயே வந்துவிட்டாள். பிரான்சுக்காரியின் காரியம் முடிந்தது என்ற நிம்மதி அவள் முகத்தில் இருந்தது. தப்பில்லை, அவளுக்குத் தம்பி ஒருவன்தான்.

அபூதாஹிர் படியில் குந்தியிருந்து நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். ஒரு நாளில் அவன் இவ்வளவு பேசியதைத் தமக்கை கேட்டதேயில்லை. பேனாவை வைக்கச்சொன்ன இடத்தில் நிறுத்தி, மறுபடியும் சொல்லச் சொன்னாள். முப்பத்தொரு பேரின் கதையைக் கேட்டபோது முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய புருஷனும் அவளுடைய வீட்டில் இருப்பவன்தானே.

உம்மு குல்சும் அதற்குள் படியேறிவிட்டாள். மேலே போய்ச் சன்னலோரம் நின்றாள், கண்ணில் தண்ணீர் முட்டியது, துடைத்துக்கொண்டாள். சித்தி பரீதா பின்னால் ஏறி வந்தது கேட்டது. ஆனால் உள்ளே வந்த சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். மதினி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலைக்கூட உள்ளே வைக்கவில்லை.

"வாங்க மச்சி," என்றாள் உம்மு குல்சும்.

சித்தி பரீதா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து இரண்டு அறையையும் சுற்றிப் பார்த்தாள்.

"அஸர் தொழுகைக்கு நேரமாகுது, புள்ள," என்றாள். "உன்ர ஊட்டில நான் பாயை எங்க விரிக்கட்டும்?"